கப்பு யாருக்கு?

(விளையாட்டுப் பகுதி: என் கருத்து)



இந்தத் தடவை விளையாட்டுப் பகுதி எனக்கு வந்தது. எல்லாரும் கிரிக்கெட் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைச்சிருப்பீங்க. இல்லை. நம்ம ஊரில் யாரும் விளையாடாத ஒரு விளையாட்டைப் பற்றி, அதிலும் அந்த நாட்டுக்காரங்களே சரியாகக் கவனிக்காத ஐந்து பேரைப் பற்றி எழுதப் போகிறேன். "இதெல்லாம் நமக்கு எதுக்குடா?" என்று கேட்காதீங்க. கடைசி வரை படிச்சா எதுக்குன்னு தெரியும்.

லீவில் நடந்தது

அரையாண்டுப் பரீட்சை லீவில் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் வேலை பார்க்கிற என் பெரியம்மா மகன் அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். வரும்போது ஒரு பந்து கொண்டுவந்தார். உருண்டையாக இல்லை. ரெண்டு பக்கமும் கூராக, உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுகிற பந்து அதுதான். பேரு ஃபுட்பால், ஆனால் பெரும்பாலும் கையால்தான் விளையாடுறாங்க!

சாயங்காலம் மைதானத்தில் பதினாலு பேர் சேர்ந்தோம். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தை எறிகிறவருக்குப் பேர் குவார்ட்டர்பேக். அதற்கு அடிதடி! ஏழு பேரும் நான்தான், நான்தான் என்றார்கள். அடுத்து, ஓடிப்போய் பந்தைப் பிடிக்கிற வேலைக்குச் சண்டை. முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிற வேலைக்கு மட்டும் ஆளே இல்லை. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நம்ம ஸ்கூலில் என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று விளக்க வேண்டாம். என்னையும் இன்னும் ரெண்டு பேரையும் நடுவில் நிறுத்தினார்கள்.

நாங்களும் சும்மா இருக்கலை. பந்து கிளம்பினதும் அதைப் பிடிக்க நாங்களும் ஓடினோம். விளைவு? எங்கள் குவார்ட்டர்பேக் கையைத் தூக்குவதற்குள் நாலு பேர் அவன் மேலே விழுந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பந்துகூட ஒழுங்காக எறியலை.

அண்ணன் விளையாட்டை நிறுத்தினார். எங்கள் மூணு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க பந்தைப் பார்க்கவே வேண்டாம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மனசுக்குள் எண்ணுங்க. அதுவரைக்கும் எதிரே நிற்கிறவனை உள்ளே விடாதீங்க. அவ்வளவுதான்" என்றார். அப்படியே செய்தோம். அடுத்த மூணு எறிதலில் ரெண்டு போய்ச் சேர்ந்தது. ஒன்றில் பாயிண்டும் கிடைத்தது. எல்லாரும் எறிந்தவனையும் பிடித்தவனையும் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நாங்கள் மூணு பேரும் முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றோம்.

லீவு முடிந்து வகுப்பில் இதைச் சொன்னபோது, "குவார்ட்டர்பேக்தான் எல்லாம். நீ குண்டாக இருக்கிறதால் அந்தப் பக்கம் பேசுறே" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. (அவன் இப்போதும் என் நண்பன்தான்!)

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால்...

பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம், ரெண்டு முனையிலும் 10 கெஜத்துக்கு ஒரு கோல் பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கோல் பகுதிக்குள் பந்தோடு போய்விட்டால் 6 பாயிண்ட். அதற்குப் பேர் டச்டௌன்.

முன்னேற ரெண்டு வழி. ஒன்று, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. இன்னொன்று, குவார்ட்டர்பேக் முன்னால் ஓடுகிறவருக்கு எறிவது. ரெண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்வதுதான் அஃபென்சிவ் லைன். நாம் காவல் வரிசை என்று வைத்துக்கொள்வோம்.

அதில் ஐந்து பேர். நடுவில் சென்டர். அவர்தான் ஒவ்வொரு தடவையும் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறவர். அவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கார்டு. அவர்களுக்கு வெளியே ரெண்டு டேக்கிள். இவர்களுக்கு விதியிலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: முன்னால் எறியும் பந்தை இவர்கள் சாதாரணமாகப் பிடிக்கவே கூடாது. சட்டை எண்ணும் 50 முதல் 79 வரைதான். அதாவது, கைதட்டல் வாங்குகிற வேலை எதுவும் இவர்களுக்குக் கிடையாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்!

வெறும் உடம்பு போதாது

என் நண்பன் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் இந்த ஐந்து பேரும் பெரும்பாலும் 136 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். ஆனால் உடம்பு மட்டும் இருந்தால் போதும் என்றால் அரிசி மூட்டையை நிறுத்திவிடலாமே!

யோசித்துப் பாருங்க. எதிராளி முன்னால் ஓடி வருகிறான். காவல்காரர் பின்னால் நகர்ந்துகொண்டே அவனைத் தடுக்கணும். பின்பக்கமாக ஓடி, முன்பக்கமாக ஓடி வருகிறவனுக்கு ஈடு கொடுக்கணும். இடுப்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்து, ரெண்டு கையையும் எதிராளியின் நெஞ்சில் ஊன்றணும். சட்டையைப் பிடித்து இழுத்தால் தப்பு, அணிக்கு 10 கெஜம் தண்டனை. எதிராளியோ தள்ளலாம், விலக்கலாம், சுழன்று தப்பிக்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு காவல்காரர் கொஞ்சம் அசைந்தால்கூட 5 கெஜம் தண்டனை.

அடுத்து மூளை. எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாய்ந்து வரப்போகிறார்கள் என்று சென்டர் பார்த்து மற்ற நாலு பேருக்கும் சொல்லணும். எதிரணி ரெண்டு பேர் நடுவழியில் இடம் மாறிக்கொண்டு வருவார்கள். அப்போது "என் ஆள் உன்கிட்டே, உன் ஆள் என்கிட்டே" என்று கண் இமைக்கும் நேரத்தில் மாற்றிக்கொள்ளணும். வெளியூர் மைதானத்தில் அறுபது, எழுபதாயிரம் பேர் கத்தும்போது பக்கத்தில் நிற்பவன் குரலே கேட்காது. அதனால் பக்கத்தில் இருக்கும் கார்டு சென்டரின் உடம்பில் தட்டி சைகை கொடுப்பார். அதை வைத்துப் பந்தை எடுப்பார்கள். பேச்சே இல்லாமல் ஐந்து பேர் ஒரே நொடியில் நகரணும்.

இந்த வரிசை ஏரிக்கரை மாதிரி. கரை முழுக்க பலமாக இருந்து ஒரே ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தாலும் தண்ணீர் நிற்காது. நாலு பேர் அருமையாகத் தடுத்து, ஐந்தாவது ஆள் விட்டுவிட்டால் அந்த நாலு பேர் உழைப்பும் வீண். பந்து பிடிக்கிற ஒருத்தர் தவறவிட்டால் அடுத்தவருக்கு எறியலாம். காவல் வரிசையில் ஒருத்தர் தவறவிட்டால் எறிகிறவரே தரையில் கிடப்பார். என் முதல் வாதம் இதுதான்.

நேரம் வாங்கிக் கொடுக்கிறவர்கள்

குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய இரண்டரை முதல் மூணு விநாடி. அதற்குள் அவர் யார் காலியாக இருக்கிறார் என்று பார்த்து, முடிவெடுத்து, எறியணும். அந்த மூணு விநாடியில் ஒன்று குறைந்தால் உலகத்திலேயே சிறந்த கைக்கும் வேலை இல்லை.

இதற்கு அண்ணன் ஊர் அணியே சாட்சி. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2002-இல் புதிதாகத் தொடங்கின அணி. அந்த வருஷம் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டிலேயே முதல் ஆளாக டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவரைக் காக்க டோனி போசெல்லி என்ற பிரமாதமான டேக்கிளையும் வேறு அணியிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆனால் போசெல்லிக்குத் தோளில் காயம். ஹூஸ்டனுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஒரே சீசனில் டேவிட் காரை எதிரணிகள் 76 முறை பந்தோடு கீழே தள்ளின. ஒரு குவார்ட்டர்பேக் ஒரு சீசனில் இத்தனை முறை விழுந்தது என்.எஃப்.எல். சரித்திரத்தில் அதுதான் முதல். 16 ஆட்டத்தில் 4-இல்தான் வெற்றி. 2005-இல் மறுபடியும் 68 தடவை. கார் கெட்டிக்காரரா இல்லையா என்று இன்னும் விவாதம் பண்ணுகிறார்கள். நான் கேட்கிறேன், எழுந்து நிற்க விட்டால்தானே தெரியும்?

இன்னொரு சம்பவம் கொஞ்சம் கொடுமையானது. 1985 நவம்பர் 18. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தீஸ்மன் மேல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்தார். தீஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. டெய்லரே பதறிப்போய் வைத்தியர்களைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினார். தீஸ்மன் அதன்பிறகு ஆடவே இல்லை. வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். அங்கிருந்து வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தைக் காக்கிறவர்தான் இடது டேக்கிள். மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் 2006-இல் எழுதிய 'தி பிளைண்ட் சைட்' என்ற புத்தகம் இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறது. டெய்லர் மாதிரி ஆட்கள் வந்த பிறகும், 1993-இல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் தாராளமாக அணி மாறலாம் என்ற முறை வந்த பிறகும், இடது டேக்கிள்களின் சம்பளம் மளமளவென்று ஏறியது. கைதட்டாதவர்கள் காசு கொடுத்தார்கள். வித்தை தெரிந்தவனுக்கு அதன் அருமை தெரியும் அல்லவா?

ஒரே ஆள், மூன்று இறுதிப் போட்டி

"நல்ல குவார்ட்டர்பேக் இருந்தால் காவல் வரிசை எப்படி இருந்தாலும் ஜெயிப்பான்" என்பது என் நண்பனின் வாதம். அவனுக்கு மிகவும் பிடித்த பாட்ரிக் மஹோம்ஸையே எடுத்துக்கொள்கிறேன். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். திறமைக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அவரே சரியான உதாரணம்.

முதல் போட்டி. 2021 பிப்ரவரி 7, 55-ஆவது சூப்பர் பௌல். சீஃப்ஸ் அந்த சீசனில் 16-இல் 14 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. ஆனால் இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு ரெண்டு வாரம் முன்னால் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. வலது டேக்கிள் மிட்செல் ஸ்வார்ட்ஸுக்கு முதுகு வலி. இவர்கள் போக, முந்தின வருஷம் கோப்பை வாங்கின அணியில் கார்டாக இருந்த லோரன் டுவெர்னே-டார்டிஃப் அந்த சீசனில் ஆடவே இல்லை. ஏன் தெரியுமா? அவர் மருத்துவம் படித்தவர். கொரோனா காலத்தில் விளையாட்டை விட்டுவிட்டு, கனடாவில் தன் கியூபெக் மாகாணத்தில் முதியோரைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை செய்யப் போய்விட்டார். ஒரு வரிசையைக் காத்தவர் இன்னொரு வரிசையைக் காக்கப் போனார். அவருக்கு ஒரு வணக்கம்!

அன்றைக்கு டாம்பா பே அணி மஹோம்ஸை விரட்டிய விரட்டல் இருக்கிறதே! 29 தடவை அவரை நெருக்கினார்கள். சூப்பர் பௌலில் யாரும் அதுவரை அப்படி நெருக்கப்பட்டதில்லை. ஒரு கட்டத்தில் அவர் தரைக்கு இணையாக, படுத்த வாக்கில் காற்றில் விழுந்துகொண்டே பந்தை எறிந்தார். அது சரியாகப் போய் சக வீரரின் முகத்தில் பட்டது. ஆனாலும் பிடிபடவில்லை. 31-9 என்று தோல்வி. ஒரு டச்டௌன்கூட இல்லை.

கன்சாஸ் சிட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மஹோம்ஸைத் திட்டவில்லை. அடுத்த சில மாதங்களில் காவல் வரிசையைக் கழற்றிப் புதிதாகக் கட்டினார்கள். ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன், கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்று ஐந்தில் நாலு இடத்துக்குப் புது ஆட்கள்.

இரண்டாவது போட்டி. 2023 பிப்ரவரி 12, 57-ஆவது சூப்பர் பௌல். எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்த சீசனில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 70 தடவை தரையில் தள்ளிய பயங்கரமான அணி. மஹோம்ஸுக்கோ கணுக்காலில் சுளுக்கு, நொண்டிக்கொண்டு ஆடினார். அவரை அந்த ஈகிள்ஸ் எத்தனை தடவை தள்ளியது? பூஜ்யம்! ஒரு தடவைகூட இல்லை. 38-35 என்று சீஃப்ஸுக்குக் கோப்பை. கால் சரியில்லாத ஆள் ஜெயித்தார். இதற்கு மேலே நான் என்ன சொல்ல?

மூன்றாவது போட்டி. 2025 பிப்ரவரி 9, 59-ஆவது சூப்பர் பௌல். மறுபடி அதே ஈகிள்ஸ். இந்தத் தடவை சீஃப்ஸுக்கு இடது டேக்கிள் இடத்தில் ஆள் சரியாக அமையவில்லை. கார்டாக ஆடும் தூனியை அங்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். ஈகிள்ஸ் கூடுதலாக ஓர் ஆளைக்கூடப் பாய அனுப்பவில்லை. வழக்கமான நாலு பேரை மட்டும் அனுப்பியே மஹோம்ஸை 6 தடவை தரையில் தள்ளினார்கள். பாதி ஆட்டத்தில் 24-0. முடிவில் 40-22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது.

மூணு போட்டியிலும் ஒரே மஹோம்ஸ், அதே பயிற்சியாளர் ஆண்டி ரீட். மாறினது எது? பதிலை நீங்களே சொல்லுங்க.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஈகிள்ஸ் அணியின் இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாக்காரர். ரக்பி ஆடியவர். 2018-இல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை! ஏழாவது வருஷத்தில் சூப்பர் பௌல் ஜெயித்தார். கற்றுக்கொள்ள மனசு இருந்தால் போதும் நண்பர்களே.

★ கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை ஒரு முறைகூட வெளியே உட்காராமல் தொடர்ந்து 10,363 தடவை களத்தில் நின்றார். கையில் தசை அறுந்த பிறகுதான் வெளியே வந்தார்.

★ 1967 டிசம்பர் 31. கிரீன் பே நகரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிர். டாலஸ் அணிக்கு எதிராகக் கடைசி 16 விநாடி இருக்கும்போது குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் கோல் கோட்டுக்குள் நுழைந்து 21-17 என்று ஜெயிக்க வைத்தார். அவர் நுழைந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் கார்டு ஜெரி கிராமரும் சென்டர் கென் போமனும். ஸ்டார் 1977-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். கிராமருக்கு இடம் கிடைத்தது 2018-இல்! ஐம்பது வருஷம் காத்திருந்தார்.

மறுபக்கமும் சொல்லணும்

ஒருதலையாக எழுதினால் தமிழ் ஐயா திட்டுவார். அதனால் எனக்கு எதிரான விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

மேலே சொன்ன ஜோ தாமஸ் அத்தனை வருஷம் மலை மாதிரி நின்றும், அவர் அணி ஒரு தடவைகூட நாக் அவுட் சுற்றுக்குப் போகவில்லை. எறிகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், யாரும் சரியாக அமையவில்லை. அப்படியென்றால் காவல் மட்டும் இருந்து, காக்கப்படுகிறவர் சரியில்லாவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஐந்தாவது ஆளாகக் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு முந்தின சீசனில்தான் முழங்கால் போயிருந்தது. பெனே சூவெல் என்ற அருமையான டேக்கிளை எடுப்பார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர்களோ ஜமார் சேஸ் என்ற பந்து பிடிக்கிற வீரரை எடுத்தார்கள். அவர் வெளுத்து வாங்கினார்! அந்த சீசனிலேயே அணி சூப்பர் பௌல் போய்விட்டது. வழியில் டென்னசி அணியுடன் நடந்த ஆட்டத்தில் பர்ரோ 9 தடவை விழுந்தும் ஜெயித்தார்கள்.

இதைத்தான் என் நண்பன் துருப்புச் சீட்டாக வைத்திருக்கிறான். ஆனால் கதை அங்கே முடியவில்லையே! 2022 பிப்ரவரியில் நடந்த அந்த சூப்பர் பௌலில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி பர்ரோவை 7 தடவை தள்ளியது. கடைசி வாய்ப்பில் ஒரே ஒரு கெஜம் போனால் போதும். ராம்ஸின் ஆரன் டொனால்டு காவலைப் பிய்த்துக்கொண்டு வந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார். பந்து எங்கேயோ போய் விழுந்தது. 23-20. மூணு பாயிண்டில் கோப்பை போனது.

என் முடிவு இது: காவல் சரியில்லாமலும் அதிர்ஷ்டமும் திறமையும் சேர்ந்தால் ரொம்ப தூரம் போகலாம். ஆனால் பெரிய நாளில், பெரிய எதிராளி முன்னால், உடைப்பு எடுக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். சேஸ் மாதிரி வீரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு டி.வி. வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. கூரை ஒழுகுதான்னு முதலில் பாருங்க என்கிறேன்.

அப்புறம் ஏன் கப்பு கிடையாது?

என்.எஃப்.எல்லில் ஒவ்வொரு சீசனுக்கும் மிக மதிப்புமிக்க வீரர் என்று ஒருவருக்கு விருது உண்டு. பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குக்குப் போகும். சில சமயம் ஓட்டக்காரருக்கு. தடுப்பு அணியிலிருந்து ஆலன் பேஜ் 1971-இலும், லாரன்ஸ் டெய்லர் 1986-இலும் வாங்கியிருக்கிறார்கள். காவல் வரிசையிலிருந்து இதுவரை ஒருத்தர்கூட வாங்கியதில்லை.

வேடிக்கையைக் கேளுங்க. 1982-இல் அந்த விருது வாஷிங்டன் அணியின் மார்க் மோஸ்லிக்குப் போனது. அவர் யார்? கிக்கர். எப்போதாவது மைதானத்துக்குள் வந்து பந்தை உதைத்துவிட்டுப் போகிறவர்! அதே அணியில், அதே வருஷம், 'ஹாக்ஸ்' என்று செல்லப் பெயர் வாங்கின காவல் வரிசை இருந்தது. ஹாக் என்றால் பன்றி. பயிற்சியாளர் ஜோ பூகல் வைத்த பேரை அவர்கள் பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். 1983 ஜனவரி 30-இல் நடந்த சூப்பர் பௌலில் அவர்கள் திறந்துவிட்ட வழியில் ஜான் ரிகின்ஸ் 166 கெஜம் ஓடினார். மயாமியை 27-17 என்று ஜெயித்தார்கள். ஆட்ட நாயகன் யார்? ரிகின்ஸ்.

ரிகின்ஸ் மேலும் மோஸ்லி மேலும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் உழைத்தார்கள், வாங்கினார்கள். ஆனால் எண்ணிக்கை இல்லாத உழைப்பை நாம் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். எறிந்தவருக்கு எத்தனை கெஜம், பிடித்தவருக்கு எத்தனை பந்து என்று கணக்கு இருக்கிறது. தடுத்தவருக்கு என்ன கணக்கு போடுவது? அவர் நன்றாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்? தப்பு செய்தால் மட்டும் அவர் சட்டை எண்ணை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 10 கெஜம் தண்டனை, எண் 72 என்று!

ஒரு நல்ல செய்தி. காவல் வரிசைக்காகவே தனியாக ஒரு விருதை என்.எஃப்.எல். 2025-இல் அறிவித்தது. தாமதம்தான், ஆனாலும் வந்ததே! பல குவார்ட்டர்பேக்குகளும் ஓட்டக்காரர்களும் சீசன் முடிவில் தங்கள் காவல்காரர்களுக்குச் சொந்தக் காசில் பரிசு வாங்கிக் கொடுப்பது வழக்கம். தரையில் விழுந்தவனுக்குத்தான் தாங்கியவன் அருமை தெரிகிறது.

நம்ம பக்கம் ஒரு நிமிஷம்

விளையாட்டு விழா வரப்போகிறது. கபடியில் ரெய்டு போனவனுக்குத்தான் கப்பு, மூலையில் காலைப் பிடிச்சவனுக்கு இல்லை. நாடகத்தில் ராஜா வேஷத்துக்குத்தான் பரிசு, திரை இழுத்தவனுக்கு இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. பி.டி. சாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த வருஷம், புள்ளிக் கணக்கில் பேர் வராத ஒருத்தருக்கும் ஒரு கப்பு வையுங்க சார். சின்னக் கப்பாக இருந்தாலும் பரவாயில்லை. யாருக்கு என்று ஜெயிச்ச அணியையே கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்.

அந்த லீவில் கடைசி நாள் மறுபடி விளையாடினோம். எங்கள் குவார்ட்டர்பேக் ஒரு பந்து எறிந்து, அது பாயிண்ட் ஆனது. எல்லாரும் பிடித்தவனை நோக்கி ஓடினார்கள். எறிந்தவன் மட்டும் திரும்பி வந்து, மண்ணில் கிடந்த என்னைக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். "மூணு எண்ணினியாடா?" என்றான். "அஞ்சு எண்ணினேன்" என்றேன்.

எனக்கு அன்றைக்குக் கப்பு கிடைச்ச மாதிரிதான்.

அவன் யாருன்னு கேட்கிறீங்களா? வகுப்பில் என்னோடு வாதம் பண்ணினானே, அதே நண்பன்தான்! இதைப் படிச்சிட்டாவது வாதத்தை விடுவான் என்று நம்புகிறேன். விடலைன்னா அடுத்த இதழில் அவன் பதில் எழுதட்டும். நான் காத்திருக்கிறேன்.



இப்படிக்கு,
முன்னால் நிற்கும் ஒருவன்,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.